எடை குறைந்தால் நலம் கூடுமா?

தில்லியில் உடற்பருமனுக்காக மருத்துவமனையை நாடும் நம்மவர் எவரும் முதலில் ஏறி நிற்பது எடை பார்க்கும் கருவியின் மீதுதான். அது காட்டும் எண்ணைத் தாதி குறித்துக்கொள்கிறார். ஆறு திங்கள் சென்றபின் மீண்டும் ஏறி நிற்கிறோம். எண் குறைந்திருந்தால் டாக்டர் முகம் மலர்கிறது, வீட்டார் மகிழ்கின்றனர். சிகிச்சை பலித்துவிட்டது என்பதே அனைவர் முடிபும். இம்முடிபு முற்றும் சரிதானா என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய எண்ணுகிறோம்.

கிலோகிராமில் கண்ட எடையை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவதே உடல் நிறை எண். பெல்ஜிய நாட்டு வானநூலாரும் புள்ளியியலாருமான கேத்லே என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்ட முறை இது. சராசரி மனிதனின் உடலமைப்பு எத்தகையது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நோயாளியின் துயர் எவ்வளவு என்பதன்று. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இவ்வெண் 25-ஐ எட்டியோ தாண்டியோ இருந்தவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 24 பேர். தில்லியில் 40-க்கு மேல்; தமிழ்நாட்டிலும் 40-க்கு மேல். ஆகவே, இட்டிலியை விட்டுப் பராத்தாவைப் பற்றியதால் விளைந்த வினை என்று தில்லியின் மீது பழி சுமத்த நமக்கு வழியில்லை!

ஒரே உயரமும் ஒரே எடையும் உடைய இரு பெண்மணிகளை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர்ப் படிகளை ஓரிடத்தில் நின்றபின் ஏறி, முருகனைத் தரிசித்துத் திரும்புகிறார். மற்றவரோ மயூர் விஹாரில் மூன்றாம் மாடி வீட்டை விட்டு இறங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. முழங்கால் நோவு ஒரு காரணம். வழியில் எதிர்ப்படுவோர் பார்வைக்கு அஞ்சுவது மற்றொரு காரணம். எடைக் கருவி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஆனால் இருவர் வாழ்வும் ஒன்றாகுமா?

நோயின்மை மட்டுமே நலமன்று. உடலாலும் உள்ளத்தாலும் சமூக உறவாலும் நிறைவுற்றிருப்பதே நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1948-இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்திலேயே வகுத்துவிட்டது. அந்நிறைவை அளப்பது எவ்வாறு? இதற்கென 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் உலகெங்கும் 15 ஆய்வு நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் இரண்டு இந்தியாவில் இருந்தன: ஒன்று தில்லி, மற்றொன்று சென்னை. ஆங்கிலத்தில் வினாக்களை எழுதி முடித்துப் பிற மொழிகளுக்குப் பெயர்த்தல் என்ற வழக்கமான முறை இங்கே கையாளப்படவில்லை. வாழ்வில் எவற்றை மக்கள் பெரிதெனக் கருதுகின்றனர் என்று அந்தந்த ஊரிலேயே கேட்டறிந்து, பல மொழிகளில் ஒருங்கே வினாக்களை வளர்த்தனர். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இந்தி வடிவம் உருவாயிற்று. சென்னையில் தமிழ் வடிவம் உருவாயிற்று. முதலில் 100 வினாக்கள். பின்னர் 26 வினாக்களில் அடங்கிய சுருக்கம்.

இதற்கு நாம் 'வாழ்க்கைத் தரம்' என்று பெயரிட்டு வழங்குகிறோம். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் நம்மவருக்கு நினைவு வருவது சம்பளமும் சொந்த வீடும்தான். கருத்து அதுவன்று. தம் வாழ்வு தமக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தாமே மதிப்பிட்டுச் சொல்லுதலே இது. உறக்கம், நோவு, நடமாட்டம், தன் உருவத்தைத் தான் ஏற்றுக்கொள்ளுதல், உறவும் நட்பும், கைப்பொருள், போக்குவரத்து வசதி எனச் செல்லும் வினாக்களுக்குச் சென்ற இரண்டு வார நிலையை வைத்து ஐந்து படிகளுள் ஒன்றைக் குறிக்கவேண்டும்.

பருமனுக்கே உரிய வினாத்தாள்களும் உள. 1995-இல் அமெரிக்காவில் ஒன்று வெளிவந்தது. 2001-இல் அதன் 31 வினாக்கள் கொண்ட சுருக்கம் வந்தது. நாடகசாலையிலும் விமானத்திலும் இருக்கை தமக்குப் போதுமோ என்ற கவலை உண்டா என்று அது கேட்கிறது. நல்ல வினாதான். ஆனால் நம் வீட்டுப் பாட்டியின் கவலை வேறு. கலியாணப் பந்தியில் தரையில் அமர்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். குந்தி அமரும் கழிவறைக்குச் செல்ல இயலாததால் உறவினர் வீட்டுக்கே போவதில்லை. நவக்கிரகத்தை ஒன்பது முறை சுற்ற மூச்சு இடந்தராது. இவற்றைக் கேளாத வினாத்தாள் நமக்கு அரைக்கிணறு தாண்டியதே ஆகும்.

கேட்பது ஒருமுறை போதுமா? போதாது என்று காட்டியது சுவீடன் நாடு. 1987-இல் அங்கே தொடங்கிய பெரிய ஆய்வில், எடை குறைப்பதற்காக வயிற்றில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களிடம் பத்தாண்டுகள் வரை இத்தகைய வினாக்களைக் கேட்டுவந்தனர். முதல் ஆண்டில் நலம் உச்சத்தை எட்டிற்று. பின்னர் எடை சிறிது சிறிதாகத் திரும்பவே, நலமும் ஆறாம் ஆண்டு வரை சற்றுச் சரிந்து, அதன்பின் நிலைத்தது. சிகிச்சைக்கு முன்னிருந்த நிலையைவிட அது மேலானதே. ஆயினும் மனக்கலக்கத்தைப் பொறுத்தவரை, பத்தாம் ஆண்டில் அறுவை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதலாண்டில் மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் எல்லாம் இன்பமயமாகவே தோன்றியிருக்கும். தொங்கும் தோல், நாள்தோறும் விழுங்கவேண்டிய சத்து மாத்திரை, விருந்தில் நான்கு கவளத்துக்குமேல் உண்ண இயலாமை ஆகியவையும் எடைக் கருவியில் ஏறுவதில்லை. 2025 முதல் எடை குறைப்புக்கென நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ள வார ஊசிகளுக்கும் இது பொருந்தும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. தொடர்ந்தால் செலவு தொடர்கிறது. கைப்பொருளைப் பற்றிய வினா எத்துணைப் பொருத்தமானது என்பது அப்போது விளங்கும்.

இக்கருத்து மருத்துவ இலக்கணத்திலும் இப்போது இடம்பெற்றுவிட்டது. 2025 ஜனவரியில் தில்லி மருத்துவ அறிஞர் முன்னின்று வெளியிட்ட இந்திய வழிகாட்டு முறை பருமனை இரு நிலைகளாகப் பிரிக்கிறது. உடல் நிறை எண் 23-ஐத் தாண்டியும் உறுப்புகளுக்கோ அன்றாடச் செயல்களுக்கோ இடர் நேராதிருப்பது முதல் நிலை. அதனோடு இடுப்புச் சுற்றளவும் மிகுந்து, அன்றாடச் செயல்களுக்குத் தடையோ நீரிழிவு போன்ற உடன்நோயோ சேர்ந்தால் இரண்டாம் நிலை. நடக்க முடிகிறதா, குனிய முடிகிறதா என்ற கேள்வி உபசார வார்த்தையாக இல்லாமல் நோயறியும் முறையின் பகுதியாகவே ஆகிவிட்டது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. ஊரிலிருந்து தாயாரை அழைத்துவந்து தில்லி டாக்டரிடம் காட்டுகிறோம். டாக்டர் இந்தியில் கேட்கிறார். தாயாருக்கு இந்தி வராது. மகன் முந்திக்கொண்டு, "அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், பத்து கிலோ குறைந்துவிட்டார்" என்று இந்தியில் விடை சொல்லிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரவில் உறக்கமில்லை என்பதையோ, கண்ணாடியில் தம் முகம் தமக்கே அயலாகத் தோன்றுகிறது என்பதையோ, கணவன் மனைவி உறவைப் பற்றிய வினாவுக்கு விடையையோ எந்தத் தாய் மகன் வாய்மொழியாகச் சொல்வார்? உடனிருப்போர் தரும் விடையும் நோயாளியின் விடையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதாலேயே, அவரவரே பதிலளிக்குமாறு இவ்வினாத்தாள்கள் அமைந்துள்ளன.

தமிழ் வடிவம் இருக்கிறது. டாக்டரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் வாசித்துக் காட்டி விடையைக் குறிக்கவும் முறை உண்டு. அதற்கு மகனோ மருமகளோ வேண்டியதில்லை. தமிழறிந்த தாதி ஒருவரோ அண்டை வீட்டு அம்மையாரோ போதும். சிகிச்சை தொடங்குமுன் ஒருமுறை, ஆறு திங்களில் ஒருமுறை, பின் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, எடைக் குறிப்போடு சேர்த்து அத்தாளையும் வைத்துக்கொள்ளலாம். 26 வினாக்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. அதுவரை மகன் வெளித் தாழ்வாரத்தில் காத்திருக்கட்டும்.