தொடர் குற்றம்

திருடன் பொருளை எடுத்த கணத்திலேயே திருட்டு முற்றுப்பெறுகின்றது; பின்னர் நீடிப்பது அதன் விளைவே. ஒருவரை அறையிலிட்டுப் பூட்டினாலோ, கதவு திறக்கும்வரை குற்றமே நீடிக்கின்றது. இதனைத் தொடர் குற்றம் என்பர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களை விசாரணைக்கு ஏற்கக் கால வரம்பு உண்டு. தொடர் குற்றத்திலோ, அது நீடிக்கும் ஒவ்வொரு கணமும் அவ்வரம்பு புதிதாய்த் தொடங்கும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இவ்வாறு விதித்தது. 2024 ஜூலையில் அதனிடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 518ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது.

பீகாரில் கற்சுரங்கத்தார் சிலர் ஆண்டறிக்கையைக் குறித்த நாளில் அனுப்பவில்லை. அந்நாள் கழிந்ததுமே குற்றம் முற்றுப்பெற்றதென 1972இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி தம் பங்கைச் செலுத்தாமை தொடர் குற்றமே என்று 1984இல் அதே மன்றம் உரைத்தது. உழைப்பாளரின் நலங்காக்கும் சட்டம் அதுவென்பதே காரணம்.

ஊர்விட்டு வந்து உழைக்கும் நம்மில் பலர், "நாள் கடந்துவிட்டதே" என்று வாளாவிருந்துவிடுகிறோம். குற்றம் முடிந்துவிட்டதா, இன்றும் நடக்கின்றதா என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டறிவோம்.