மீசையும் மெழுகும்



சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, டில்லியில் என் இல்லத்துக் கண்ணாடி முன்னே நின்று ஒரு சிறு தகர டப்பியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த டப்பி அது. உள்ளே இருந்தது மீசைக்கு இடும் மெழுகு. ஊரில் விரல் பட்ட மாத்திரத்தில் குழைந்து வரும் அந்த மெழுகு, டில்லிக் குளிரில் கருங்கல்லாய் இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், தேய்ந்தது நகந்தான். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டபடியால், அன்று மீசையைத் தொங்கவிட்டபடியே புறப்பட்டுச் சென்றேன்.

மொழிபெயர்ப்புப் பிரிவில் என் எதிர் மேசைக்காரர் பீகாரைச் சேர்ந்தவர். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஐயா, மீசை இறங்கிவிட்டதே!" என்றார். இந்தி மொழியில் மீசை தாழ்வதென்றால் மானம் தாழ்வதென்று பொருள்.  நம்மவர்களோ, கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவனைக் கண்டு நகைப்போம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கேலி பேசுவோம். இந்த இரண்டாவது பழமொழியை அந்த நண்பருக்கு விளக்குவதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மீசை உடனே விளங்கிவிட்டது. கூழ்தான் வழிமறித்து நின்றது.

ஊரில் குழைந்த மெழுகு டில்லியில் கல்லானது ஏன் என்ற கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. அதற்கு விடை தேடினால் இரண்டு எல்லை ஊர்களுக்குப் போக வேண்டும். ஒன்று என் தந்தையின் ஊர். மற்றொன்று என் தாய்மாமன் உழைத்த மலை.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. முன்னாளில் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்து, 1956-இல் கேரள மாநிலத்தோடு சேர்ந்த பகுதி. கடைவீதியில் தமிழ்தான் பெரிதும் ஒலிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டுப் பிளந்து கிடப்பதை நேயர்கள் அறிவீர்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தக் கணவாய்ச் சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடும். அத்தகைய வெயிலில் முறுக்கிய மீசையை மாலை வரை நிற்க வைப்பதென்பது சிறிய காரியமன்று.

எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதற்கென்று ஒரு பக்குவம் வைத்திருந்தார். தேனடையை வெந்நீரில் இட்டுக் காய்ச்சித் துணியில் வடிகட்டுவார். ஆறியவுடன் மெழுகு மேலே மிதந்து வட்டமாக உறையும். கசடு அடியில் தங்கிவிடும். அந்த மெழுகில் இரண்டு பங்கும் தேங்காய் எண்ணெயில் ஒரு பங்கும் எடுத்துக் கிண்ணத்தில் இட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவார். நேரடித் தீயில் ஒருபோதும் வைக்கமாட்டார். மெழுகு தீப்பற்றும் என்பது ஒரு காரணம். காந்திய நாற்றம் மூக்குக்கு நேர் கீழே நாள் முழுவதும் குடியிருக்கும் என்பது மற்றொரு காரணம். என் தந்தையார் ஞாயிறுதோறும் அங்கே சென்று மீசையைத் திருத்திக்கொள்வார். கத்தரி நுனி நடந்தபின் படிகாரக்கல் கன்னத்தில் உருளும். அதன் பிறகுதான் மெழுகு. அரிசியளவு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து இளக்கி, மூக்கின் அடியிலிருந்து நுனி நோக்கி இழுத்து, சிறு சீப்பால் வாரி, இறுதியில் முறுக்குவார். எளிய வேலையாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வருவது எவ்வளவு அரிதென்று.

என் தாய் பிறந்த ஊர் கம்பம். அவருடைய தமையனார், அதாவது என் மாமா, கம்பமெட்டு ஏறி ஏலமலைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். இன்றைக்கும் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைவதைக் காணலாம். என் தந்தையார் தம் மைத்துனருக்கு அன்பளிப்பாகக் கொழிஞ்சாம்பாறை மெழுகை ஒரு முறை கொண்டுபோய்க் கொடுத்தார். மலைக்குளிரில் அது கல்லாயிற்று, பிற்காலத்தில் டில்லியில் ஆனதைப் போலவே.

காரணம் விளங்காத ஒன்றன்று. தேன்மெழுகு உருக 63 டிகிரியளவு சூடு வேண்டும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறைந்துவிடும். சமவெளியில் மெழுகை இளக்கித் தரும் எண்ணெய், மலையில் தானும் உறைந்து மெழுகோடு சேர்ந்துகொள்கிறது. மாமா பள்ளிப் படிப்பு மிகுதியும் படித்தவரல்லர். ஆயினும் இதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். தேங்காய் எண்ணெயைத் தள்ளி ஆமணக்கெண்ணெயைப் பிடித்தார். ஆமணக்கெண்ணெய் எளிதில் உறைவதில்லை. பிசுபிசுப்பு மிக்கதாகையால் மயிரைப் பற்றியும் நிற்கும். குமுளிப் பக்கத்து மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் எடுத்து வரும் மலைத்தேன் அடையிலிருந்து மெழுகு கிடைத்தது. மெழுகும் எண்ணெயும் சரிபாதி. அந்தக் கலவை பனியிலும் குழைந்தது.

ஆனால் மாமாவுக்கு வேறொரு தொல்லை இருந்தது. அவர் வேலை செய்தது ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில். பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, விறகடுப்பின் சூட்டை 50 டிகிரியளவில் காத்து, இரவெல்லாம் விழித்திருந்து உலர்த்த வேண்டும். சூடு மிகுந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும்; நிறம் போனால் விலை போயிற்று. அந்தக் கூடத்துக்குள் எந்த மெழுகு மீசையும் கால் மணி நேரத்தில் தலை கவிழும். ஆகவே அங்கே அவர் கருவேலம் பிசினைக் கைக்கொண்டார். பிசின் வெந்நீரில் கரையும். காய்ந்தபின் எந்தச் சூட்டுக்கும் உருகாது. மழையில் நனைந்தால் மட்டும் கரைந்து வழியும். அனலுக்குப் பிசின், மழைக்கு மெழுகு என்று அவர் வகுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் ஹங்கேரி மெழுகு என்று பெயர் பெற்ற மீசைப் பூச்சிலும் இந்தப் பிசினின் இனமே சேருகிறது என்பதைப் பல ஆண்டு கழித்து நான் படித்து அறிந்தேன்.

இங்கே சற்று விலகித் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. 1860-களில் இங்கிலாந்தில் மீசைக் கோப்பை என்று ஒன்றைச் செய்தார்கள். சூடான தேநீரின் ஆவியில் மீசை மெழுகு உருகிக் கோப்பைக்குள் விழாதபடி, விளிம்பின் உட்புறம் ஒரு சிறு தடுப்பு வைத்த கோப்பை அது. அக்காலத்துப் பிரிட்டிஷ் படைவீரர் மேலுதட்டை மழிக்கக் கூடாதென்று விதியே இருந்தது; 1916 அக்டோபரில்தான் அவ்விதி நீங்கியது. வெள்ளைக்காரர் தனிக் கோப்பை வடித்துத் தீர்த்த சிக்கலை நம்மவர் செலவின்றித் தீர்த்தனர். மாமா தேநீரை நன்றாக ஆற்றி, தம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பார். ஒரு துளி மீசையில் தெறிக்காது.

அந்த மீசை அவருக்கு எளிதில் கிடைத்ததன்று. 1970-களின் நடுவில், அந்தத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் காலைப் பெயரழைப்பின்போது மாமாவை நிறுத்தி, "மீசையை இறக்கிவிட்டு வா" என்றாராம். கூலியாள் முறுக்கு மீசையோடு எதிரே நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மாமா மறுமொழி சொல்லவில்லை. வார நாள்களில் வெறும் எண்ணெய் தடவி மீசையைப் படிய வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பம் சந்தைக்கு இறங்கும்போது மட்டும் மெழுகிட்டு முறுக்கினார். சில மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு திங்கட்கிழமை, ஏதோ எண்ணியவராய், முறுக்கிய மீசையோடேயே மலையேறிவிட்டார். அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் அதே நிலை. எட்டு நாள் சென்றது. வீட்டில் அத்தையும் இரண்டு குழந்தைகளும் கூழ் குடித்தார்கள். இது பழமொழிக்காக நான் சேர்த்த கூழ் அன்று; கேழ்வரகுக் கூழேதான். ஒன்பதாம் நாள் ஜீப் ஓட்டுநர் வாயிலில் வந்து நின்றார். காய் பறிப்பு உச்சத்தில் இருந்தது. மாமா இல்லாத கூடத்தில் இரண்டு இரவுக் காய் பச்சை நிறம் இழந்துவிட்டது. மாமா மீசைக்குப் பிசினிட்டுக் காயவைத்துக்கொண்டு, பிறகே ஜீப்பில் ஏறினார். மேற்பார்வையாளர் கணக்குப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லையாம்.

இத்தகைய செய்திகள் அந்த மலையோடு நிற்பனவல்ல. எஸ். ஹரீஷ் எழுதிய 'மீச' என்னும் மலையாள நாவலை நேயர்களில் சிலர் படித்திருக்கலாம். நாடகத்தில் போலீஸ்காரன் வேடத்துக்காக மீசை வளர்த்த குட்டநாட்டுப் புலையர் குல இளைஞன், நாடகம் முடிந்தபின்னும் அதை எடுக்க மறுக்கிறான். அவ்வளவில் ஊர் நடுங்குகிறது. வேறொரு பகுதியின் பொருட்டு எழுந்த எதிர்ப்பால் வார இதழில் தொடராக வந்தது நின்றுபோய், 2018-இல் அது நூலாக வெளிவந்தது. தடை கோரிய மனுவை அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஜெயஸ்ரீ களத்தில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2020-இல் ஜே.சி.பி. இலக்கியப் பரிசு பெற்றது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. இது கதை. ஆனால் 2017-இல் குஜராத்தில் காந்திநகரை அடுத்த ஒரு சிற்றூரில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, அதை எதிர்த்துப் பல இளைஞர்கள் தம் மீசைப் படங்களை இணையத்தில் வெளியிட்டது கதையன்று. அதே நாட்டில் உத்தரப் பிரதேசத்து ஆயுதக் காவற்படையில் மீசைக்கென்றே மாதப்படி உண்டு. 2019-இல் அது 50 ரூபாயிலிருந்து 250 ரூபாயாக உயர்ந்தது. ஒருவன் மீசைக்குப் படி. மற்றொருவன் மீசைக்கு அடி.

தாடியைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவு உரிமை இல்லை. ஆண்டில் ஒரு மண்டலம் மட்டுமே அதை வளர்ப்பவன் நான். கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் தமிழ்நாட்டு அன்பர்களின் முகமெல்லாம் தாடியாகவே இருக்கும். விரதம் முடித்துத் திரும்புவோரில் சிலர் அந்த அடர்த்தியில் மயங்கி, எடுக்க மனமின்றி வைத்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு நான் அறிந்த சிலவற்றைச் சொல்வேன். தாடிக்கு மெழுகு வேண்டாம். குளித்தபின் ஈரம் சற்று இருக்கும்போதே இரண்டு மூன்று துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, தோல் வரை படும்படி தடவி வாரினால் போதும். தேங்காய் எண்ணெய் மயிரிழைக்குள் ஊடுருவி அது நலிவதைக் குறைக்கிறது என்பது 2003-இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவாயிற்று. ஆனால் எண்ணெய் தடவி இல்லாத தாடி முளைக்கும் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். இப்போது சீசாக்களில் வரும் ஜொஜோபா எண்ணெய் உண்மையில் எண்ணெயே அன்று, நீர்ம வடிவான மெழுகு. நல்ல பொருள்தான், விலைதான் மிகுதி. மறையூர்ச் சந்தன மணத்தில் ஆசை கொண்டு சந்தனத் தைலத்தைச் சேர்ப்பவர்கள், முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நரைக்குச் சாயம் பூசுவோருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்; சாயத்தால் முகம் வீங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

வட நாட்டில் வாழும் நம் அன்பர்களுக்கு: குளிர்காலத்தில் ஆமணக்கெண்ணெயும் மெழுகும் சரிபாதி, கோடையில் மெழுகு இரண்டு, தேங்காய் எண்ணெய் ஒன்று. பம்பாய், கல்கத்தா போன்ற புழுக்கமான நகரங்களில் பிசினை நம்பாதீர்கள், வியர்வையில் வழிந்துவிடும். இரவில் படுக்குமுன் சிறிது எண்ணெய் தேய்த்து மெழுகை இளக்கிச் சீயக்காய்த் தூளால் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் தோலின் துளை அடைத்துப் பரு கிளம்பும்.

சென்ற பொங்கலுக்குக் கம்பம் சென்றிருந்தேன். மாமாவுக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. கை நடுக்கம் வந்துவிட்டபடியால் தாமாக மீசை முறுக்க அவரால் இயலவில்லை. பேரர்களிடம் கேட்க அவருக்குக் கூச்சம். என்னைப் பார்த்ததும் டப்பியை எடுத்து நீட்டினார். வாழ்நாளில் முதன்முறையாக மற்றொருவர் மீசைக்கு நான் மெழுகிட்டேன். கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு, மாப்பிள்ளை" என்றார். திருத்தினேன். அத்தை தேநீர் கொண்டுவந்தார். தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்க அந்தக் கைகளால் முடியவில்லை. உதட்டில் வைத்தே உறிஞ்சினார். ஆவியில் மெழுகு இளகி இரண்டு நுனியும் தாழ்ந்தன. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் மறுபடியும் டப்பியைத் திறந்தேன்.