வேலை தேடும் நம் பிள்ளைகள்

(பங்கின் பொன்விழா இளைஞர் கூட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் நிகழ்த்திய உரை)



கோயில் எழும்பிய கதையையும் மணி வந்த கதையையும் முன்னர் பேசியவர்கள் சுவைபடச் சொன்னார்கள். எங்களுக்குக் கொடுத்த பொருளோ சற்றுக் கசப்பானது. விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் சென்று, "தேர்ந்தெடுக்க இயலவில்லை" என்ற பதிலோடு, அல்லது அந்தப் பதில்கூட இல்லாமல், வீட்டிலிருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். வாரந்தோறும் வீடு சந்திக்கும் நாங்கள் அவர்களை அறிவோம். நாங்கள் வாசலில் நுழைந்ததும் பின்கட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அவர்கள்தாம்.

ஏன் போகிறார்கள்? நாம் கேட்கப்போகும் கேள்வி அவர்களுக்குத் தெரியும். "என்ன தம்பி, எங்கேயாவது கிடைத்ததா?" அன்பாகத்தான் கேட்கிறோம். கோயில் வாசலைக் கடப்பதற்குள் ஆறு பேர் அவ்வாறு அன்பாகக் கேட்டால், அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை எங்கே வருவான்? பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஓர் இளைஞனைப் பக்தி குறைந்தவன் என்று எங்கள் கூட்டத்திலேயே பேசினோம். பல மாதங்களுக்குப் பின் அவன் சொன்னான்: "சாமி கேட்டால் பதில் சொல்லிவிடுவேன் ஐயா, உங்களுக்குச் சொல்லத்தான் பதில் இல்லை." அன்று நாங்கள் தலைகுனிந்தோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டு நடத்திய குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இடங்களைப் பிற்பாடு 10,000-க்கும் மேலாக உயர்த்தினார்கள். அப்படியும் இருநூறு பேருக்கு ஓரிடம் என்ற கணக்குக்கூடத் தேறவில்லை. ஜூலையில் எழுதியவர்களுக்கு மறு ஆண்டு மார்ச்சில்தான் முடிவு தெரிந்தது. அந்த எட்டு மாதமும் ஒரு வீட்டில் என்ன பாடு என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். இடம் கிடைக்காத அத்தனை பேரும் மக்குகளா? நாற்காலி குறைவு, நிற்பவர் அதிகம். இதை முதலில் பெற்றோர் நம்ப வேண்டும். பிறகுதான் பிள்ளை நம்புவான்.

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையைக் கேட்கும்போது, பிந்தி வந்தவனுக்கும் அதே கூலியா என்பதைப் பற்றியே நாம் வழக்கமாக விவாதிக்கிறோம். வேலை தேடுகிறவன் காதில் வேறொன்று விழும். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள். தோட்டக்காரர் அதற்கு மேல் குடையவில்லை, பழைய கதை கேட்கவில்லை, தோட்டத்துக்கு அனுப்பினார். அவர்களும் மூன்று மணிக்கே சலித்து வீடு திரும்பாமல் அங்கேயே நின்றிருந்தார்கள். (பிரசங்கம் எங்கள் வேலையன்று, சுவாமியார் பொறுத்தருள்வாராக.)

ஆனால் சும்மா நிற்பதும் போதாது. எல்லாத் தோல்விக்கும் நாற்காலிக் குறைவே காரணம் என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவர்களாவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தான். எந்த நாள், எந்த அலுவலகம், என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினேன் என்று ஒவ்வொரு நேர்முகத் தேர்வுக்குப் பின்னும் எழுதினான். ஏழாவது முறை முதலிலிருந்து புரட்டியபோது, "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்ற ஒரே கேள்வியில்தான் ஐந்து முறை விழுந்திருக்கிறான்! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்து நாள் அதையே பேசிப் பழகினான். எட்டாவது இடத்திலும் கிடைக்கவில்லை, ஒன்பதாவதில் கிடைத்தது.

பட்டம் பெற்ற ஒரு தங்கை, காத்திருந்த காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வருமானம் பேருந்துச் செலவுக்குத்தான் கண்டது. "நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்களே என்று தலை வாரிக்கொள்வேன், அதுவே பெரிது" என்றாள். வேலையில்லாத நாள் எப்படிக் கரைகிறது என்பது அனுபவித்தவர்களுக்கே புரியும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். தவறினால் மூப்பு போய்விடும். மாவட்ட அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாகப் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு. பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெரிய தொகை இல்லைதான். அதை வாங்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்க்கிறோம். பிச்சை எடுப்பதுபோல் ஏன் நினைக்க வேண்டும்? 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின்மையைத்தான் தீமை என்றார், வேலையற்றவரை அல்ல. அவர்கள் வாழ வழிசெய்வது சமுதாயத்தின் கடமை என்றும் அதில் எழுதியுள்ளார்.

தாய்மார்களுக்கு ஒன்று. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு இன்றும் வட்டி கட்டும் வீடு நம் பங்கில் உண்டு. வெளிநாட்டு வேலையென்றால், அந்த முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள்.

வரும் ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப் பின், மறைக்கல்வி அறையில் நாங்கள் இருப்போம். அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பங்குப் பெரியவர்கள் மூவர் மேசைக்கு அப்பக்கம் உட்கார்ந்து, நேர்முகத் தேர்வில் கேட்பதுபோல் கேள்வி கேட்க இசைந்திருக்கிறார்கள். சான்றிதழ் நகல்களையும் ஒரு நோட்டையும் கொண்டுவந்தால் போதும். தேநீர் உண்டு. "எங்கேயாவது கிடைத்ததா?" என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டோம்.