வறுமை குற்றத்தை நியாயப்படுத்துமா?

(நம் குடியிருப்பின் குடியரசு தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்பத்துக்குச் சோறு போட வழியில்லை என்றால் ஒருவன் சட்டத்தை மீறலாமா? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் மாவட்டத்தைத் தொட்ட ஒரு சம்பவத்தை வைத்தே பேசுகிறேன்.

2015 ஏப்ரல் 7. திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பலர் திருவண்ணாமலை மாவட்டம், சிலர் நம் சித்தேரி மலைப் பகுதி. மரம் வெட்டியவர்கள் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள் என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை விஷயம் போனது.

செம்மரம் வெட்டுவது சரியா? சரியில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் அது. வளர்ந்து வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். அது பொதுச் சொத்து.

அப்படியானால் அவர்கள் பட்டினியால் போனார்களா? நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். உலை வைக்க அரிசி இருந்திருக்கும். ஆனால் அரிசி மட்டும் இருந்தால் குடும்பம் ஓடுமா? ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளை படிப்பு, வட்டிக் கடன் எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நகைக்கடன் கவுன்ட்டரில் நிற்கும் வரிசையை வருஷா வருஷம் பார்த்தவன் நான். அரைப் பவுன் தோட்டைக் கழற்றி வைப்பார்கள். அந்தத் தோடும் இல்லாதவர், நிலத்துக்குப் பட்டாவும் இல்லாதவர் பேங்குக்கே வருவதில்லை. அவர் வீட்டுக்குத்தான் புரோக்கர் முன்பணத்தோடு போகிறான்.

ஆனாலும் வறுமை எல்லாவற்றையும் நியாயமாக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே மலைகளிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் கூலி வேலைக்குப் போய் உழைத்தவர்கள்தான் அதிகம். ஏழை என்றால் திருடத்தான் செய்வான் என்பது அவர்களை அவமதிக்கும் பேச்சு.

வள்ளுவர் இரண்டு இடத்தில் இதற்குப் பதில் சொல்கிறார். பெற்ற தாய் பசித்திருப்பதைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். வேறோர் அதிகாரத்தில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். முதலாவது, ஒவ்வொருவரும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது, உலகத்தை நடத்துகிற இடத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. நாம் முதலாவதை ஏழைக்குச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

சட்டமும் இப்போது கொஞ்சம் யோசிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303வது பிரிவைப் பாருங்கள். திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. இத்தாலியில் பசிக்காக 4 யூரோ அளவுக்கு சீஸும் சாசேஜும் எடுத்த ஒரு வீடற்றவருக்குக் கீழ்க்கோர்ட் விதித்த தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடனடிப் பசியைத் தீர்க்க எடுத்தது குற்றமாகாது என்றது.

செம்மரம் அந்த வகையில் வராது. அது பசிக்கு எடுத்த ரொட்டி இல்லை, யாரோ ஒருவர் லாபத்துக்காகக் கூலிக்குச் செய்த குற்றம். தண்டனை உண்டு. ஆனால் மரம் வெட்டியதற்கு மரண தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பிக் கோடிகள் பார்த்தவன் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை.

என் முடிவு இதுதான். வறுமை குற்றத்தைச் சரியாக்காது. ஆனால் தண்டனையின் அளவைக் குறைக்க வேண்டும், பொறுப்பில் ஒரு பங்கை மற்றவர்கள் மேலும் ஏற்ற வேண்டும்.

அந்த மற்றவர்களில் நாமும் உண்டு. நம் குடியிருப்பில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணோம் என்றால் முதலில் யார் பையைப் பார்க்கச் சொல்கிறோம்? ஆகவே மூன்று யோசனைகளை வைக்கிறேன். வாட்ச்மேனுக்கும் துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்கும் மாதம் 5ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். அவசரத்துக்கு வட்டியில்லா முன்பணம் தர 20,000 ரூபாயில் ஒரு சுழல்நிதி வைக்க வேண்டும். பொருள் காணாமல் போனால் மாடிப்படியில் நின்று விசாரிக்காமல் செயலாளரிடம் சொல்ல வேண்டும்.

சுழல்நிதிக் கணக்கை நான் எழுதித் தருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டால் நல்லது. அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடும்படி கேட்டு முடிக்கிறேன்.