லாஃப்டில் கிடக்கும் கேம்கார்டர் கேசட்டுகள்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்கார்டர் வாங்கியவர்கள் நம் பிளாக்குகளில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கேசட்டுக்கு மினி டிவி என்று பெயர். குட்டித் தொலைக்காட்சி இல்லை. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். இன்று இல்லாத தாத்தா பாட்டி நடந்து, பேசி, திட்டுவது அதில் மட்டுமே இருக்கலாம்.

கேசட் இன்னும் சில காலம் தாங்கும். கேமரா தாங்குமா என்பதுதான் கேள்வி. உள்ளே ரப்பர் பாகங்கள் இறுகுகின்றன, மோட்டார் சிக்குகிறது. புதிதாக வாங்கலாம் என்றால் கடையில் கிடையாது. ஆகவே கேமரா ஓடும்போதே படத்தைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். எடிட்டிங் அடுத்த வருடம்கூடச் செய்துகொள்ளலாம்.

முதலில் கேசட் முதுகிலுள்ள சிறு பட்டையை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் பட்டாலும் பழைய படம் அழியாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே வேண்டாம். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

அடுத்தது கேபிள். கேமராவில் யுஎஸ்பி துளை இருந்தாலும், பெரும்பாலான மாடல்களில் அது புகைப்படங்களுக்குத்தான். வீடியோ வருவது ஃபயர்வயர் வழியாக. சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று போட்டிருக்கும். இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளை இல்லை. டெஸ்க்டாப் உள்ளவர்கள் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கிப் பொருத்தலாம். ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று மலிவாக விற்கும் வெறும் கேபிளை வாங்காதீர்கள், வேலை செய்யாது. கேமராவை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள்.

ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையல் நடக்கும்போது ஓடவிடலாம். ஒரு மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் இரண்டும் இலவசம். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால் படமெடுத்த தேதியும் நேரமும் டேப்பிலேயே பதிந்திருக்கும். அதைப் பார்த்து மென்பொருளே காட்சிகளைத் தனித்தனி ஃபைலாகப் பிரித்துக்கொடுக்கும். எந்தப் பிறந்தநாள் என்று வீட்டில் சண்டை வராது. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் போகாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

வந்த ஃபைலை அப்படியே இரண்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, ஒரு பிரதியில் மட்டும் கத்தரி போடுங்கள். ஷாட்கட் என்ற இலவச மென்பொருள் போதும். ஆள் அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு அசல் சத்தத்தை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பந்திக்கு நடுவே 'இன்னும் கொஞ்சம் சாம்பார் போடுடா' என்று கேட்கும் குரல் எந்தப் பாட்டிலும் வராது. கேமரா தரையைப் பார்த்தபடி ஓடிய நிமிடங்களையும் காது கொடுத்துக் கேட்டபிறகே வெட்டுங்கள்.

உறவினர்களுக்கு அனுப்ப எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பென் டிரைவில் கொடுங்கள். ஃபயர்வயர் கேபிள் என்னிடம் ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் எழுதிவைத்தால் வரிசையாகத் தருகிறேன்.