ஆபரேஷனுக்குப் பிறகும் நாள் தள்ளினால்

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், கர்ப்பமாக இருக்குமோ என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. மாதவிடாய் நிற்கிற வயசு, ரத்தசோகை என்று ஏதாவது சொல்லியே இரண்டு மாதம் ஓடிவிடும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதனால் இதைப் பேசியே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்குப் பதினெட்டுப் பேர் கருத்தரித்திருந்தார்கள். பிரசவத்தை ஒட்டிக் கருக்குழாயை வெட்டிக் கட்டிக்கொண்டவர்களில் ஏழெட்டுப் பேர்தான். இளவயதில் குழாயில் கிளிப் போட்டுக்கொண்டவர்களிலோ ஐம்பதைத் தாண்டியது.

வெட்டிய முனைகள் சிலருக்குத் தானாகவே கூடிவிடும், அல்லது சின்னத் துளை விழும். விந்தணு நுழைய அது போதும். ஆனால் உருவான கரு அந்த வழியாகக் கருப்பைக்கு வந்து சேர முடியாமல் குழாயிலேயே தங்கிவிடலாம். அந்த ஆய்வில் மூன்றில் ஒரு கர்ப்பம் அப்படித்தான். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாகும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, சொட்டுச் சொட்டாக உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டையில் வலி – இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், "எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, ஆனா நாள் தள்ளியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். வலி இல்லாவிட்டாலும், நாள் தள்ளியதுமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு கொடுமை, "ஆபரேஷன் பண்ணினவளுக்கு எப்படிம்மா பிள்ளை உண்டாகும்?" என்ற கேள்வி. மனைவியைச் சந்தேகிக்கும் கணவர் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆபரேஷன் நடந்தது அவளுக்கு, உங்களுக்கு அல்ல. குழாய் திறந்துகொண்டால் கரு உண்டாகலாம். திறந்த குழாய் உங்களுக்கும் திறந்ததுதான். அவளைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

இந்த ஆபரேஷன் நூற்றுக்கு நூறு உறுதியல்ல, கருத்தரித்ததாலேயே டாக்டரின் கவனக்குறைவு என்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. ஆனால் ஒரு பக்கக் குழாயை அப்படியே விட்டுவிட்ட ஹரியானா வழக்கில், 2000-இல் இழப்பீட்டை உறுதி செய்ததும் அதே நீதிமன்றம்தான். கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டத்தில் இடமுண்டு. அரசுத் திட்டத்தில் செய்த ஆபரேஷன் தவறினால் இழப்பீடும் உண்டு. கர்ப்பம் தெரிந்த 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆபரேஷன் சான்றிதழை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள், மனு கொடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.