அரங்கம் கேட்ட ஜாமீன்



மெலோடிராமா என்பது நல்லவரையும் தீயவரையும் எதிரெதிரே நிறுத்தி, இசையாலும் திடீர்த் திருப்பங்களாலும் பார்ப்போரை உருகவைக்கும் நாடக வகை. அது வெறும் பொழுதுபோக்கே என்று ஒதுக்குவோருக்கு, டப்ளினில் பிறந்த டியன் பூசிகோ எழுதி, 1874 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறி, மறு ஆண்டே லண்டனுக்கும் சென்ற 'ஷாக்ரான்' தக்க மறுமொழியாகும்.

பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் அகற்றி அயர்லாந்தைக் குடியரசாக்க முனைந்த ஃபீனியன்கள் 1867இல் எழுச்சியில் தோற்று, சிறைகளிலும் ஆஸ்திரேலியக் கைதிக் குடியிருப்புகளிலும் அடைபட்டார்கள். நாடகத்தின் இராபர்ட் ஃபோலியட் அவர்களில் ஒருவன். ஆஸ்திரேலியாவிலிருந்து தப்பி ஊர் திரும்பும் அவனை, அவன் நிலத்தின்மீது கண்வைத்த கின்செலா என்னும் அயர்லாந்துக்காரனும் ஹார்வி டஃப் என்னும் போலீஸ் உளவாளியும் சேர்ந்து மீண்டும் சிக்கவைக்கிறார்கள். கைதிகளுக்கு மன்னிப்பு வந்ததை மறைத்து, தப்பியோடும்போது அவனைச் சுட்டுவிடத் திட்டமிடும் அவர்களின் குண்டுக்கு, அவனைப்போல் வேடமிட்டு எதிரே வந்து நிற்பவன் நாடோடி கான். பிணத்தைச் சுற்றி ஊரார் இரவெல்லாம் விழித்திருக்கும் சடங்கில், பெண்கள் ஒப்பாரி வைக்க, இறந்ததாக நம்பப்பட்ட கான் எவரும் பாராத நேரத்தில் கையை நீட்டி மதுவை எடுத்துக் குடிக்கும் காட்சியில், அழுகையும் சிரிப்பும் ஒருங்கே பொங்கும்.

நாடகத்தில் வரும் ஆங்கிலேயப் படை அதிகாரியை நேர்மையாளனாகவும் தீயோரை உள்ளூராராகவும் படைத்ததால், பூசிகோ அடக்குமுறையின் வேரைத் தொடவில்லை என்ற குறை நியாயமானதே. ஆயினும், லண்டன் பார்வையாளர் கிளர்ச்சியாளன் ஒருவனுக்காகக் கண்ணீர் சிந்த இடம் கொடுத்ததும் அந்த இணக்கமே ஆகும். நாடக முடிவில் தன் நன்னடத்தைக்கு யார் ஜாமீன் நிற்பார் என்ற கேள்விக்கு, பூசிகோவே ஏற்று நடித்த கான் பார்வையாளரை நோக்கித் திரும்பி அவர்களையே பொறுப்பேற்கக் கேட்பான். மேடையில் கேட்டதோடு நில்லாமல், எஞ்சிய ஃபீனியன் கைதிகளை விடுவிக்குமாறு பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலிக்குப் பூசிகோ 1876இல் பகிரங்கக் கடிதமும் எழுதினார். டிஸ்ரேலி அரசு இணங்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் 'கட்டல்பா' என்னும் அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆறு ஃபீனியன்களை மீட்டுச் சென்றது.

நாடகத்தை மக்கள் தம் வழியில் தொடர்ந்தார்கள் என்பதே அதைவிடப் பெரிய செய்தி. நிலக்கிழார்களை எதிர்த்து 1880களில் அயர்லாந்து உழவர்கள் போராடியபோது, 'ஹார்வி டஃப்' என்று பெயர்பெற்ற மெட்டைச் சீழ்க்கையடித்துப் போலீசாரை எள்ளினார்கள். அந்தச் சீழ்க்கைக்காகச் சிறுவர்களைக்கூடப் போலீசார் கைதுசெய்தார்கள். ஆளப்படும் மக்களின் அரங்கில் ஆசிரியன் அச்சத்தால் சொல்லாமல் விட்டதைப் பார்வையாளர் துணிந்து சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அத்தகைய நாடகத்தை மதிப்பிடுவோர் அதன் பிரதியை மட்டும் படித்து அமையாமல், மக்கள் அதிலிருந்து எதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதையும் ஆராய்ந்தாக வேண்டும்.